கொடைக்கானல் குரூப்பை டெலிட் பண்ணுங்க!

உங்க போன்லயும் அப்படி ஒரு குரூப் இருக்கும். எங்க குரூப்புக்குப் பெயர் 'கொடை கன்ஃபார்ம்'. ஃபர்ஸ்ட் இயரில் ஆரம்பித்தது. நாலு வருஷத்தில் டிபி மூணு தடவை மாறியது, வண்டி ஒரு தடவைகூடக் கிளம்பவில்லை.

ஆளுக்கு 3,500 ரூபாய் என்று மெசேஜ் விழுந்த அன்றே ஒரு நண்பன், "அன்னைக்கு ஊர்ல கல்யாணம்டா" என்று போட்டான். அதற்கு முந்தின வருஷமும் அவனுக்குக் கல்யாணம்தான். நான்தான் ஸ்டிக்கர் போட்டுக் கலாய்த்தேன். கேர்ள்ஸில் பாதிப் பேருக்கு, வெளியே தங்க வீட்டில் விடமாட்டாங்க. மிச்சப் பேர் ப்ளூ டிக்கோடு சரி. இதில் 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கு இ-பாஸ் வேற. எல்லாம் எடுத்துப் போனாலும், சீசன் கூட்டத்தில் முன்னாடி நிற்கிற வேனின் முதுகைத்தான் அதிக நேரம் பார்க்கணும்.

எல்லாராலும் வர முடியாத ஒரு இடத்துக்கு எதுக்கு பேட்ச் டிரிப் என்று பேர்? மதுரையைச் சுற்றி மலைக்கா பஞ்சம்?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை 11 பேர் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனோம். விடியும்போதே டவுன் பஸ். அதில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் கேர்ள்ஸுக்குச் செலவு எங்களைவிடக் கம்மி. அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில். அங்கிருந்து பாறையில் வெட்டிய படிகள். மேலே பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர்களும் பாகுபலியும் வரிசையாக நிற்கிறார்கள், கீழே வட்டெழுத்து. ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழசு. நான் எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம். என் தமிழைக் கிண்டல் பண்ணாத ஆள் கிளாஸில் இல்லை. அந்த எழுத்துக்கு முன்னாடி தமிழ் மீடியம் டாப்பரும் என்னை மாதிரியே முழித்தான். எனக்கு அதுவே டிரிப் காசுக்குத் தகும். (தயவுசெய்து பக்கத்துல உங்க பேரைக் கிறுக்கிட்டு வராதீங்க.) மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு குகை. உள்ளே உட்கார்ந்திருக்கும் பெரிய தீர்த்தங்கரரின் நீளக் காதைப் பார்த்து, ஊர்க்காரர்கள் செட்டியார் என்றே நினைத்து வைத்த பெயராம்.

அந்தக் 'கல்யாண' நண்பனும் வந்திருந்தான். மேலே பாறையில் உட்கார்ந்திருந்தபோது அவனாகவே சொன்னான்.

"கல்யாணமெல்லாம் எதுவும் இல்லடா."

"தெரியும்டா" என்றேன். பொய். அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது.

பஸ், இட்லி, வழியில் நுங்கு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 110 ரூபாய். குளிர் கிடைக்காது, ஒத்துக்கிறேன். ஒன்பது மணிக்குள் இறங்கிடணும், அப்புறம் பாறை சுடும். குடிக்கத் தண்ணியைக் கையில் கொண்டு போங்க, மேலே கடை கிடையாது. பத்தரைக்கு ஹாஸ்டலில் ஃபேனுக்குக் கீழே படுத்துவிட்டோம். வீட்டில் யாரும் பர்மிஷன் கேட்டுச் சண்டை போடவும் இல்லை.

ரிசல்ட் வந்ததும் பாதிப் பேர் சென்னை, பெங்களூரு என்று பிரிந்துவிடுவோம். அதற்குள் அரிட்டாபட்டி பாக்கி இருக்கு. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர், மேலூர் ரோட்டுப் பக்கம்தான். குடைவரைக் கோயிலும் உண்டு. வர்ற ஞாயிறு காலை 5.30, மாட்டுத்தாவணி. கலெக்‌ஷன் கிடையாது, அவங்கவங்க டிக்கெட்டை அவங்கவங்க எடுத்துக்கங்க.