கூரைகளை எண்ணுவோர்

போர் 2009ஆம் ஆண்டில் முடிந்தபின் வன்னியில் எத்தனை வீடுகள் எழுந்தன என்ற கணக்கு மேடைதோறும் ஒப்புவிக்கப்பட்டு வருகிறது. இந்திய உதவியில் 50,000 வீடுகள். அவற்றுள் 46,000 வடக்கு கிழக்கில். இக்கணக்கில் பிழை காண நாம் வரவில்லை. இதைக் காட்டி, 'மக்கள் மீளக் குடியமர்ந்துவிட்டனர்' என்று தீர்ப்பளிக்கிறார்களே, அத்தீர்ப்பையே எதிர்க்கிறோம்.

அவ்வீடுகள் எவ்வாறு எழுந்தன? வீடொன்றுக்கு 5½ இலட்சம் ரூபா. அத்திவாரம், சுவர், கூரை என வேலை உயர உயரப் பணம் தவணையாக வரும். கட்டிமுடிக்கும் பொறுப்புப் பயனாளியைச் சேர்ந்தது. ஏட்டளவில் நல்ல ஏற்பாடே. ஆயின், முள்ளிவாய்க்காலிலிருந்து வெறுங்கையோடு வெளியேறி, முட்கம்பி வேலிக்குள் மாதக்கணக்கில் அடைபட்டு, பற்றைக்காடாகிவிட்ட காணிக்குத் திரும்பியவரிடம் கைமுதல் ஏது? சீமெந்தின் விலையும் மேசனின் கூலியும் ஏறின, உதவித்தொகை ஏறவில்லை. குறையை நிரப்ப இருந்த நகை அடகுக்குப் போயிற்று. அடகு வைக்க எதுவுமற்றோர், சிறப்பாகக் குடும்பச் சுமையைத் தனியே தாங்கிய பெண்கள், கடன்காரரைத் தேடினர். வரட்சி வந்தது, விளைச்சல் பொய்த்தது, வட்டி மட்டும் பொய்க்கவில்லை. வரட்சியுற்ற மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த, ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசே முன்வர நேர்ந்தது. வாழ்வு திரும்பிவிட்டது என்போர் இதற்கு என்ன விடை கூறுவர்?

கடன்படும் 'பேறு' கூடக் கிட்டாதோரும் உளர். வீடு வேண்டுமாயின் காணி வேண்டும். காணிக்கு உறுதியோ அனுமதிப்பத்திரமோ வேண்டும். 1977ஆம் ஆண்டின் வன்செயலுக்குத் தப்பி மலையகத்திலிருந்து கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் வந்த தோட்டத் தொழிலாளர் பலரிடம் இவற்றுள் எது இருந்தது? காடு வெட்டியவர் அவர். பிறர் வயலில் கூலிக்கு நின்றவர் அவர். போரில் சாவையும் இடப்பெயர்வையும் சரிபங்காகப் பெற்றவர் அவர். வீட்டுப் பட்டியலில் மட்டும் அவருக்குப் பங்கில்லை! இது கொழும்பின் குற்றம் மாத்திரமன்று. நிலமுடையோன் நிலமற்றோனை அயலான் எனக் கருதும் நம்மவர் மனப்பான்மையின் குற்றமுமாகும்.

காணியுடையோர் நிலைதான் என்ன? செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. ஆனால் இறுதியாக அங்கிருந்து புறப்பட்ட கேப்பாப்புலவு மக்கள் தம் ஊருக்குச் செல்லவில்லை. ஊரில் இராணுவம் இருந்தது. அவர்கள் வேறோரிடத்தில் இறக்கப்பட்டனர். தமது மண்ணைக் கேட்டு 2017இல் அம்மக்கள் வீதியோரம் அமர்ந்தனர். முகாம் மூடப்பட்டதையே மீள்குடியேற்றம் என்று எண்ணியோரை அப்போராட்டம் தலைகுனியச் செய்திருக்க வேண்டும்.

இதற்கிடையே 65,000 உருக்கு வீடுகளைப் பொருத்தித் தர ஒரு பன்னாட்டுக் கம்பனியும் முன்வந்தது. வீடொன்று 20 இலட்சத்துக்கும் மேல்! உள்ளூர் மேசனுக்கும் தச்சனுக்கும் வேலை தராத, நமது வெயிலுக்கு ஒவ்வாத அத்திட்டத்தை மக்களும் பொறியியலாளரும் எதிர்த்தனர். அது கருதியபடி நிறைவேறவில்லை. அகதியின் கூரையிலும் இலாபம் தேடுவது முதலாளித்துவத்தின் இயல்பு. அதைத் தடுத்து நிறுத்தியது ஒன்றுபட்ட குரல்.

'ஒன்றுமில்லாதவனுக்கு இதுவாவது கிடைத்ததே' என்பர் சிலர். அது பிச்சையிடுவோனின் நியாயம். உழைத்து வாழ்ந்த மக்கள் கேட்பது அதுவன்று. நிலமற்றோனுக்கு நிலம், உழுவோனுக்கு நீர், மீனவனுக்குக் கரை, பெண்ணுக்கு அவள் பெயரில் உறுதி, கடனின் பிடியிலிருந்து விடுதலை: இவையே குடியமர்வின் அளவுகோல்கள். ஆசிரியர்களே, மாணவர்களே! இனி யாரேனும் வீடுகளின் தொகையை ஒப்புவித்தால், அவ்வீட்டார் யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். விடை வரும்வரை விடாது கேளுங்கள்.