ஜீனோவும் கோயம்புத்தூர்க் குசும்பும்

சுஜாதா இலக்கியவாதியா இல்லையா என்ற வழக்கு, அவர் 2008 பிப்ரவரியில் மறைந்த பிறகும் முடிந்தபாடில்லை. கோவையில் இலக்கிய நண்பர்கள் நால்வர் கூடினால், தேநீர் ஆறுவதற்குள் யாரேனும் ஒருவர் அதை எடுத்து வைத்துவிடுவார். உடனே மேசை இரண்டாகப் பிரியும். ஒருபுறம் பொறியியல் படித்தவர்கள், வார்ப்பட ஆலையிலோ பம்புசெட் தொழிலிலோ இருப்பவர்கள். மறுபுறம் நம்மைப் போல் தமிழ் முதுகலை படித்துவிட்டுக் கல்லூரிகளில் பாடம் சொல்பவர்கள். ஜி.டி.நாயுடு பிறந்த மண்ணில் ஒரு பொறியாளர்-எழுத்தாளருக்கு வாசகர் பெருகியதில் வியப்பில்லை. அந்தப் பெருக்கமே அவரை ஐயத்தோடு பார்க்க நமக்குப் போதுமானதாக இருந்தது என்பதைத்தான் இப்போது யோசிக்க வேண்டியிருக்கிறது.

வழக்கில் நாம் நடுவர் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அன்னூரில் நம் அத்தை வீட்டுப் பரணில் வாரப் பத்திரிகைத் தொடர்கள் கிழித்துத் தைக்கப்பட்டு அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். சாக்குத் தைக்கும் ஊசியும் சணலும் கொண்டு அத்தை தாமே செய்த கட்டுமானம் அது. அட்டைக்குப் பழைய நாட்காட்டி. அந்த அடுக்கில் 1980களில் ஆனந்த விகடனில் வந்த ‘என் இனிய இயந்திரா’வும் இருந்தது. இடையில் இரண்டு வாரங்கள் காணவில்லை. விட்டுப்போன அத்தியாயங்களில் என்ன நடந்திருக்கும் என்று ஒரு கோடை விடுமுறை முழுவதும் நாமே கற்பனை செய்து நிரப்பினோம். பின்னாளில் முழு நூலையும் வாங்கிப் படித்தபோது, உண்மையைச் சொன்னால், நம் அத்தியாயங்கள் அவ்வளவு மோசமில்லை.

கதையைப் பலரும் அறிவர். எழுதப்பட்ட நாளில் எதிர்காலமாக இருந்து இன்று கடந்துபோன ஒரு காலத்து இந்தியா. ஜீவா என்னும் சர்வாதிகாரி. குடிமக்களின் பெயர்கள் கூட ஈரெழுத்துக்குள் அடங்க வேண்டும். பிள்ளை பெற அரசின் அனுமதி வேண்டும். முதுமைக்கும் அரசே வரம்பு கட்டும். இந்த நாட்டில் நிலா என்ற எளிய பெண்ணும், ஜீனோ என்ற இயந்திர நாயும். அந்த நாய் புத்தகம் படிக்கும், தத்துவம் பேசும், கேலி செய்யும், எல்லோரைக் காட்டிலும் நிதானமாக யோசிக்கும். அஞ்சி அடங்கி வாழும் அந்நாட்டில் பயமில்லாமல் சிரிக்கத் தெரிந்த ஒரே பிறவி ஒரு பொம்மை நாய் என்பதுதான் கதையின் உயிர். ‘மீண்டும் ஜீனோ’ என்று தொடர்ச்சியும் வந்தது, தொலைக்காட்சிக்கும் போயிற்று.

இந்த நூலைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் தவறான காரணத்துக்குப் புகழ்கிறார்கள். அன்றே இதைச் சொன்னார், அன்றே அதைச் சொன்னார் என்று ஒரு பட்டியல் போடுவது அவர்கள் வழக்கம். பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பணியாற்றியவர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கு கொண்டவர் என்ற வரலாறும் துணைக்கு வரும். கதாசிரியரைச் சோதிடராக்குவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. கணித்தது பலித்ததால் ஒரு நாவல் நிற்குமானால், பலிக்காத பக்கங்களை என்ன செய்வது? ஜீனோ நம் மனத்தில் தங்கியது இயந்திரம் என்பதால் அன்று; அதன் வாய்த்துடுக்கால்.

பழிப்பவர்கள் வைக்கும் குற்றச்சாட்டுகளில் சில நியாயமானவை. வாரத்தொடரின் நெருக்கடி நாவலெங்கும் தெரிகிறது. அத்தியாய முடிவுகளில் யாராவது துப்பாக்கியோடு நிற்கிறார்கள், அல்லது கதவு தட்டப்படுகிறது. திருப்பங்கள் மிகுந்து, திருப்பத்துக்குரிய காரணங்கள் மெலிந்து விடுகின்றன. கணேஷ்-வசந்த் கதைகளில் பெண்களைப் பற்றி வசந்த் அடிக்கும் நகைச்சுவைகளை இன்று வகுப்பில் உரக்கப் படிக்க முடியாது, படிக்கவும் கூடாது. இவற்றை மறுக்க நமக்கு விருப்பமில்லை.

ஆனால் நம் வட்டாரத்தில் அவர்மீது இருந்த ஐயத்துக்கு இவற்றையும் தாண்டிய ஒரு வேர் உண்டு. 1971இல் வானம்பாடி இதழ் இங்கிருந்து கிளம்பியது. ஞானி 2020இல் மறையும் வரை இந்நகரின் இலக்கிய உரையாடலில் மார்க்சியத்தையும் தமிழ் மரபையும் ஒருசேர வைத்துப் பேசினார். அதற்கு முன்பே, 1942இல், ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ கொங்கு நாட்டுக் காட்டையும் சச்சரவையும் நாவலுக்குள் கொண்டு வந்திருந்தது. இந்த மூன்று ஊற்றிலும் நாம் நிறையக் குடித்திருக்கிறோம், நன்றி மறப்பதற்கில்லை. ஆயினும் இந்தப் பாடத்தில் பொறுப்பு, உழைப்பு, துயரம் ஆகிய சொற்களுக்கு இருந்த இருக்கை சிரிப்புக்கு இருந்ததில்லை. சிரிக்க வைத்தால் அது மேலோட்டம் என்று, யாரும் சொல்லித் தராமலேயே, நாம் கற்றுக்கொண்டோம்.

இதில் வேடிக்கை, இது நடந்த ஊர் எது என்பது. கோயம்புத்தூர்க் குசும்பு என்று தமிழ்நாடே சொல்லும் ஊர். கவுண்டமணியையும் மணிவண்ணனையும் சத்யராஜையும் தந்த மண். வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ங்க’ போட்டு மரியாதையில் ஒரு குறையும் வைக்காமல், எதிரே நிற்பவரின் வேட்டியை உருவிவிடும் பேச்சு நம்முடையது. சந்தையிலும் கல்யாணப் பந்தியிலும் அறிவின் அடையாளமாக மதிக்கப்படும் அந்தக் குணம், கருத்தரங்க வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைக்கப்படுகிறது.

கற்பனையும் கேலியும் கலந்த எழுத்துக்குத் தமிழில் தகுதியான முன்னோடி இல்லை என்றும் சொல்ல முடியாது. புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ 1943இல் வந்தது. கடவுள் சென்னைக்கு வருகிறார், காபி குடிக்கிறார், ரிக்‌ஷா ஏறுகிறார், வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா கேட்கப்படுகிறார். கடைசியில் பிழைப்புக்கு வழி தேடி ஒரு பிரபுவின் முன் தேவியோடு ஆடியும் காட்டுகிறார். அந்த ரசிகருக்கோ ஆட்டம் பிடிக்கவில்லை. கடவுள் ஆடினாலும் இது கலையில்லை என்று தீர்ப்புச் சொல்ல ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்பதை இதைவிட அழகாக யாரும் சொன்னதில்லை. இக்கதையைச் செவ்வியல் என்று போற்றுகிறோம். ஜீனோ என்றால் புருவத்தை உயர்த்துகிறோம்.

இரண்டும் ஒரே தரம் என்று வாதிடவில்லை. புதுமைப்பித்தனின் சிரிப்பு வாசகரைத் தப்ப விடுவதில்லை. பிள்ளையின் சில்லறைத்தனம் நம்முடையதுதான் என்பது படிக்கப் படிக்கச் சுருக்கென்று தைக்கும். சுஜாதாவோ சிரிக்க வைத்த மறுகணமே அடுத்த துரத்தலுக்கு நம்மை அழைத்துப் போய்விடுவார், தைப்பதற்கு நேரமிருக்காது. பெயரையும் பிள்ளைப்பேற்றையும் சாவையும் அரசு அளந்து கொடுக்கும் நாடு எவ்வளவு பெரிய அச்சம்! அதன்மேல் இன்னும் இரண்டு பக்கம் நின்றிருக்கலாம். நம் மனக்குறை அதுதான், அவர் பிரபலமானவர் என்பதில் நமக்கு எந்தக் குறையுமில்லை.

நின்று பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதைக் கொங்கு நாட்டிலிருந்தே ஒரு நாவல் காட்டியது. பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’, 2016. அங்கே இயந்திர நாய்க்குப் பதில் ஒரு கருங்குட்டி. அங்கும் ஓர் அரசு உண்டு. ஆட்டுக்குட்டிக்கும் பதிவு உண்டு, காதில் அடையாளம் உண்டு, அதற்காக வெயிலில் வரிசை உண்டு. வரிசையில் நிற்பவர்கள் பேசிக்கொள்ளும் இடத்தில் நம்மூர்க் குசும்பு அப்படியே இருக்கிறது: வாய்க்குள் சிரிப்பு, கண்ணில் பயம். விலங்கை முன்னிறுத்தி ஆட்சியைப் பார்ப்பதில் ஜீனோவும் பூனாச்சியும் ஒரு கொட்டகையில் கட்டத் தக்கவை. ஒன்றை வெகுஜனம் என்றும் மற்றதைத் தீவிரம் என்றும் வெவ்வேறு அலமாரியில் வைத்திருப்பதால் நாம் சேர்த்துப் படிப்பதில்லை. படித்துப் பார்த்தால் சுஜாதா எங்கே அவசரப்பட்டார் என்பதும், எங்கே அவர் பெருமாள்முருகனைவிட இலகுவாகப் பறந்தார் என்பதும் தெரியும். அந்த இலகுவும் ஒரு திறன்தான்.

இங்கிலாந்திலும் இப்படி ஒரு வழக்கு நடந்தது. டெர்ரி பிராட்செட் என்பவர் ஆமை முதுகில் நான்கு யானை, யானைகளின்மேல் தட்டையான உலகம் என்று வைத்து 41 நாவல்கள் எழுதிச் சிரிக்க வைத்தவர். 2015இல் அவர் மறைந்த சில மாதங்களில், கார்டியன் நாளிதழில் ஜோனதன் ஜோன்ஸ் என்ற கலை விமர்சகர், தாம் அவருடைய நாவல் ஒன்றையும் படித்ததில்லை, படிக்கப் போவதுமில்லை, ஆயினும் அது பெரிய இலக்கியமன்று என்ற பொருள்பட எழுதினார். எதிர்ப்பு கிளம்பியது. பின்னர் அவரே ஒரு நாவலை எடுத்துப் படித்துவிட்டு மறுபடி எழுதினார். முதற்கட்டுரையைக் கண்டு நாமும் சிரித்தோம். ஆனால் அவர் செய்தது படிக்காத குற்றம். நாம் செய்தது படித்து மகிழ்ந்ததை மறைத்த குற்றம்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர், சூலூர்ப் பக்கத்திலிருந்து வருபவர், முதுகலை ஆய்வேட்டுக்கு ஜீனோவை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அத்தை தைத்த அந்தத் தொகுப்பு அப்போதும் நம் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. நாம் அதைச் சொல்லவில்லை. “ஏப்பா, அதுல என்ன இருக்குன்னு நூறு பக்கம் எழுதுவே?” என்று கேட்டோம். அறையில் இருந்த சக ஆசிரியர்கள் சிரித்தார்கள். அவர் நாட்டுப்புறப் பாடல்களில் ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு, ஒழுங்காக எழுதி, தேர்ச்சி பெற்றுப் போனார். அதன்பின் எந்த இலக்கியக் கூட்டத்திலும் அவரை நாம் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பை மட்டும் பிற்பாடு பலமுறை கேட்டிருக்கிறோம்.

கடந்த ஆண்டு கொடிசியா வளாகத்துப் புத்தகக் கண்காட்சியில் அவரே வந்து வணங்கினார். கணபதியில் ஒரு பட்டறையின் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்கிறாராம். கையைப் பிடித்துக்கொண்டு ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள். அவள் கைப்பையில் ‘என் இனிய இயந்திரா’ எட்டிப் பார்த்தது. நாம் அதைப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

“பாப்பாவுக்குத்தானுங்க ஐயா,” என்றார் மிகப் பணிவாக. “அதுல என்ன இருக்குன்னு கேட்டா. உங்களைக் கேட்டாச் சொல்லுவீங்கன்னு கூட்டிட்டு வந்தேனுங்க.”