சமாதிக்கு மாலை உண்டு. நாடகத்துக்கு இடம் உண்டா?

புதுவையில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடற்கரையை ஒட்டிய பகுதியில், காப்பிக்கடை ஒன்றின் சுவரில் அந்த மாதம் நடக்கவிருந்த நிகழ்ச்சிகளின் பட்டியலைக் கண்டோம். நகைச்சுவை மாலை ஒன்று, நாடகங்கள் இரண்டு, இசை நிகழ்ச்சிகள் மூன்று. எல்லாம் ஐம்பது பேரோ நூறு பேரோ அமரக்கூடிய சிறிய இடங்களில் நடப்பவை. ஆவலோடு படித்தோம். பட்டியல் முழுதும் ஆங்கிலத்தில் இருந்தது. அடியில் இரண்டு வரி பிரெஞ்சும் இருந்தது. தமிழில் ஓர் எழுத்தும் இல்லை. அந்த இரு நாடகங்களுள் ஒன்று தமிழ் நாடகம் என்பதுதான் வேடிக்கை. தமிழ் நாடகம் ஒன்று தம் ஊரில் நடக்கப் போவதைத் தமிழரிடம் சொல்ல ஒரு தமிழ்ச் சொல் கிடைக்கவில்லை!

அங்கிருந்து மேற்கே நடந்து வாய்க்காலைக் கடந்தால் தமிழுக்குப் பஞ்சமே இல்லை. பிறந்தநாள், காதணி விழா, கட்சிப் பொறுப்பேற்பு என்று தெருவை அடைத்து நிற்கும் பதாகைகள் எல்லாம் தமிழ்தான். அவற்றுள் ஒன்றுகூட 'இன்று மாலை இன்ன இடத்தில் நாடகம், வாருங்கள்' என்று அழைப்பதில்லை. வாய்க்காலின் ஒரு கரையில் நிகழ்ச்சி இருக்கிறது, தமிழ் இல்லை. மறு கரையில் தமிழ் இருக்கிறது, நிகழ்ச்சி இல்லை. இந்நிலைக்கு யார் பொறுப்பு என்று தேடத் தொடங்கினால், தேடல் கடைசியில் நம் வீட்டுத் திண்ணை வரை வந்து நிற்கிறது. அதைப் பேசவே இக்கட்டுரை.

புதுவைக்கும் தமிழ் நாடகத்துக்கும் உள்ள உறவு சாமானியமானதன்று. 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பர் 13 அன்று மறைந்தது புதுச்சேரியில். அவர் உடல் அடக்கமானது கருவடிக்குப்பத்தில். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் என இன்றும் தென் மாவட்டக் கோவில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களுக்குப் பாட்டும் உரையாடலும் எழுதித் தந்தவர் அவர். மதுரையில் 1918-இல் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையிலிருந்துதான் டி.கே.எஸ். சகோதரர்கள் உருவாயினர். பக்கவாதத்தால் பேச்சிழந்த பின்னும் அவர் நாடகத்தை விட்டு விலகவில்லை. சொந்த வீடு, மனைவி, மக்கள் எதுவுமின்றி ஊர் ஊராக அலைந்த ஒரு மனிதர் கடைசியில் நம் ஊர் மண்ணில் அடங்கினார். ஆண்டுதோறும் நவம்பர் 13 அன்று நாடகக் கலைஞர்கள் அந்தச் சமாதிக்கு மாலை அணிவித்து வணங்குகிறார்கள். அரசியலாரும் வருகிறார்கள், மறுநாள் நாளேட்டில் படம் வருகிறது.

அவர் பெயரில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் ஒரு நாடகப் பள்ளியே இருக்கிறது. இந்திரா பார்த்தசாரதி அதன் முதல் இயக்குநராக இருந்தார். 'பலி ஆடுகள்' எழுதிய கே.ஏ. குணசேகரன் அங்கே கற்பித்தார். 2016 சனவரியில் மறையும்வரை புதுவையே அவர் ஊர். இன்குலாபின் 'மனுசங்கடா' பாடலை ஊர் ஊராகக் கொண்டுசென்ற குரல் அவருடையது. குழந்தைகளைக் கடல் பூதத்தோடு விளையாட வைத்த வேலு சரவணனும் இங்கிருந்தே தம் குழுவை நடத்தினார். அரியாங்குப்பத்தில் அரசின் பாரதியார் பல்கலைக்கூடம் இசையும் நடனமும் ஓவியமும் கற்பிக்கிறது. இத்தனை இளைஞர்கள் படித்து வெளியே வருகிறார்களே, அடுத்த நாள் அவர்கள் எங்கே நிற்பார்கள்? கோடம்பாக்கத்துக்குப் பேருந்து ஏறுவார்கள். உதவி இயக்குநர், துணை நடிகர், தொலைக்காட்சித் தொடரில் நான்காவது மருமகன். குறை சொல்லவில்லை, வயிறு இருக்கிறது. ஆயினும் நீந்தக் கற்றுக் கொடுத்துவிட்டு ஊரில் உள்ள குளத்தையெல்லாம் தூர்த்து வைத்திருக்கும் ஊரை என்னவென்று சொல்வது?

நிற்க. குளமே இல்லை என்பது முழு உண்மையன்று. 2007-இல் குமரன் வளவன் தொடங்கிய இந்தியனோஸ்ட்ரம் குழு, ரோமன் ரோலண்ட் வீதியிலிருந்த பழைய பாத்தே சினே ஃபமிலியல் திரையரங்கை நாடக அரங்காக்கிப் பல ஆண்டுகள் இயங்கியது. பாரிசின் தெயாத்ர் து சொலேய் குழுவின் அரியான் முனூஷ்கின் 2015 இறுதியில் தம் நாடோடிப் பயிற்சிப் பள்ளியைப் புதுவையில்தான் நடத்தினார். அடுத்த ஆண்டு பாரிசில் அவர்கள் அரங்கேற்றிய 'இந்தியாவில் ஓர் அறை' நாடகத்தில் தெருக்கூத்து இடம்பெற்றது. கற்றுக் கொடுத்தவர் புரிசை சம்பந்தத் தம்பிரான். பாரிசில் சீட்டு வாங்கிக் கூத்துப் பார்த்தார்கள். புதுவை பேருந்து நிலையத்தில் இறங்கும் ஒருவர் இந்த ஊரில் இன்று கூத்து எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

ரோமன் ரோலண்ட் வீதி என்றோம். அந்தப் பெயருக்குரியவரைக் காந்தியின் வரலாற்றை எழுதிய பிரெஞ்சுக்காரர் என்ற அளவில் நம்மவர் அறிவர். ஊரின் பொது நூலகமும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அவர் 1903-இல் 'மக்கள் நாடக அரங்கு' என்றொரு நூல் எழுதினார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உழைத்துக் களைத்தவன் நாடகத்துக்கு வந்தால் அவனுக்கு மகிழ்ச்சி கிடைக்க வேண்டும், தெம்பு கிடைக்க வேண்டும், அறிவு விழிக்க வேண்டும். பணக்காரனுக்குப் பஞ்சு இருக்கை, ஏழைக்கு முதுகு ஒடியும் பலகை என்ற ஏற்பாடு ஒழிய வேண்டும் என்பது அதன் சாரம். வோஜ் மலைப் பகுதியில் புசாங் என்ற சிற்றூரில் 1895-இல் மொரீஸ் பொத்தெஷே தொடங்கிய மர அரங்கு அவருக்கு முன்னிருந்த எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. அந்த அரங்கில் இன்றும் கோடைதோறும் நாடகம் நடக்கிறது. ஓர் எழுத்தாளர் பெயரை வீதிக்கு வைத்தோம், நூலகத்துக்கு வைத்தோம். அவர் கேட்டதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வீணாபாணி சாவ்லாவின் ஆதிசக்தியை மறந்துவிட்டீர்களா என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. 1993-இல் அவர் மும்பையிலிருந்து இப்பக்கம் வந்தார். 2014-இல் மறைந்த பின்னும் அவர் நினைவாக ஆண்டு விழா நடந்துவருகிறது. தரத்தில் அதற்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் அது இருப்பது தமிழக எல்லைக்குள், வானூர் வட்டத்தில். இரவு ஒன்பது மணிக்கு நாடகம் முடிந்தால், வண்டி இல்லாத முத்தியால்பேட்டைத் தறிக்காரரோ கல்லூரி மாணவியோ எப்படி வீடு திரும்புவார்? ஊரின் நடுவே நடந்து போய்ப் பார்த்துவிட்டு நடந்தே வீடு திரும்பக்கூடிய ஓர் இடத்தைத்தான் நாம் கேட்கிறோம்.

'அரசுக்குக் கம்பன் கலையரங்கம் இருக்கிறதே' என்பது வழக்கமான விடை. பட்டிமன்றத்துக்கும் பட்டமளிப்புக்கும் ஏற்ற பெரிய அரங்கு அது. மூன்று நடிகரும் ஒரு பறையும் ஒரு விளக்கும் கொண்ட நாடகத்தை அங்கே வைத்தால் பார்ப்பவனுக்கு நடிகன் முகம் தெரியாது. நடிப்பவனுக்குக் காலி இருக்கைகள் மட்டுமே தெரியும். கணக்கும் பார்ப்போம். ஆறு பேர் கொண்ட குழு ஒரு மாதம் ஒத்திகை பார்த்து நாடகம் போடுகிறது. 60 பேர் தலைக்கு 150 ரூபாய் கொடுத்து வந்தால் 9,000 ரூபாய். வாடகையே இல்லை என்றாலும் ஆளுக்கு 1,500. மாத உழைப்புக்கு இது கூலியாகுமா? ஆனால் அதே நாடகம் அதே சிற்றரங்கில் தொடர்ந்து எட்டு மாலை நடந்தால் ஆளுக்கு 12,000. முதல் நாள் பார்த்தவர் நண்பரிடம் சொல்ல, மூன்றாம் நாள் நண்பர் வருவார். நடிகனும் எட்டாம் நாள்தான் அந்தப் பாத்திரத்துக்குள் முழுதாக இறங்கியிருப்பான். நம் நவீன நாடகங்களோ ஒரே மாலையில் பிறந்து அன்றிரவே இறந்துவிடுகின்றன. விளக்கைக் கழற்றி வண்டியில் ஏற்றும்போது, 'அடுத்து எப்போது?' என்று கேட்டால் இயக்குநர் சிரிக்கிறார். பெரிய அரங்கை எட்டு நாள் யார் தருவார்? தந்தாலும் எட்டு நாள் வாடகை யார் கட்டுவார்? சிற்றரங்கு வேண்டும் என்பதற்கு எங்களிடம் உள்ள பெரிய காரணம் இதுவே.

சரி, அரசைச் சாடியாயிற்று. இனி நம்மவர் பக்கம் திரும்புவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய கூடத்தில் தமிழ் நாடகம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். மாலை ஆறரைக்கு என்றார்கள். சிறப்பு விருந்தினர் வந்தது ஏழரைக்கு. பிறகு வரவேற்புரை, முன்னிலை உரை, வாழ்த்துரை இரண்டு, தலைமையுரை. ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, போர்த்தியவருக்குப் பதில் பொன்னாடை. நடிகர்கள் முகத்தில் பூசிய வண்ணத்தோடு திரைக்குப் பின்னால் காத்திருந்தார்கள். எட்டே முக்காலுக்கு நாடகம் தொடங்கியபோது விருந்தினர் எழுந்தார். அவரை வழியனுப்ப முன்வரிசை முழுதும் எழுந்தது. ஒன்பதரைக்குக் கூடத்தைப் பூட்ட வேண்டும் என்று காவலாளி வந்து நிற்க, கடைசிக் காட்சியை வெட்டினார்கள். நுழைவு இலவசம். இலவசம் என்பதால்தான் இந்த அவமதிப்பு என்று நமக்குப் படுகிறது. சீட்டு வாங்கியவனை ஒன்றேகால் மணி நேரம் பொன்னாடை பார்க்க வைத்தால் அவன் காசைத் திருப்பிக் கேட்பான்.

காசு கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை. திரையரங்கில் சோளப்பொரிக்கு நூற்றைம்பது ரூபாய் கேட்டால் முணுமுணுத்துக்கொண்டே கொடுக்கிறோம். நாடகம் நடத்தும் நண்பர் சீட்டு நூறு ரூபாய் என்றால், 'என்னிடமுமா?' என்று கேட்கிறோம். இலக்கியவாதி என்றால் அழைப்பிதழ் வீடு தேடி வர வேண்டும், முன்வரிசையில் இடம் வேண்டும், முடிந்ததும் இரண்டு வார்த்தை பேச ஒலிவாங்கி வேண்டும். தலைக்கு 500 ரூபாய் வரை உள்ள நாடக, இசைச் சீட்டுகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரிகூட இல்லை. அரசே விட்டுக்கொடுத்த இடத்தில் நாம் விடாக்கண்டராக இருக்கிறோம். இப்பழக்கம் எங்களுக்கும் இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

நம்மவர் இன்னொரு குற்றமும் செய்கிறோம்: நகைச்சுவை என்றாலே முகம் சுளிப்பது. தனியொருவர் ஒலிவாங்கியைப் பிடித்துச் சிரிக்க வைக்கும் நிகழ்ச்சிகள் கிழக்குப் பகுதியில் நடப்பதைக் கேட்டால், 'மேலைநாட்டுச் சரக்கு' என்று ஒதுக்குகிறார்கள். கூத்தில் கட்டியங்காரன் செய்வது வேறென்ன? துரியோதனன் கொலுவில் நின்றுகொண்டு ஊர்ப் பெரிய மனிதரின் வட்டிக்கணக்கை அவர் முகத்துக்கு நேரே கிண்டலடிப்பவன் அவன். ஸ்பெஷல் நாடகத்தின் பபூனும் அவன் தம்பிதான். புதுவையின் பதாகைத் தலைவர்களைப் பற்றிப் புதுவைத் தமிழில், 'வா சார், உக்காரு சார்' என்ற நம் ஊர்ப் பேச்சில், முக்கால் மணி நேரம் சிரிக்கச் சிரிக்கப் பேச ஓர் இளைஞனோ இளைஞியோ முன்வந்தால், நிற்க ஓர் அடி உயர மேடை இருக்க வேண்டாமா? இப்போது உயிரோட்டமான இசை கேட்க வேண்டுமென்றால் பெரும்பாலும் மதுவும் சேர்த்து விற்கும் இடத்துக்கே போக வேண்டியிருக்கிறது. பாடுகிறவரும் பாவம், தட்டுகளின் ஓசைக்கு மேலே பாட வேண்டியிருக்கிறது. பறையும் கானாவும் நாட்டுப்பாட்டும் கேட்கக் குடும்பத்தோடு போக ஓர் இடம் சொல்லுங்கள் பார்ப்போம்.

நிறுவனங்களை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தையும் பார்த்துவிட்டோம். 2024 மார்ச்சில் பல்கலைக்கழக விழாவில் மாணவர்கள் போட்ட நாடகம் ஒன்று இராமாயணத்தை இழிவு செய்வதாக எதிர்ப்பு எழுந்தது, விசாரணை வந்தது. அந்த நாடகம் நல்லதா கெட்டதா என்று நாம் தீர்ப்புச் சொல்ல வழியில்லை. அதைப் பார்த்துத் தீர்மானிக்கும் வாய்ப்பு ஊராருக்கு இருக்கவில்லை. பாரதிதாசனின் 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' 1934-இல் மேடையேறி, 1948-இல் சென்னை மாகாண அரசால் தடை செய்யப்பட்டது. எழுதியவர் நம் ஊர்க்காரர். அவர் ஊரில், பார்வையாளர் தரும் நூறு ரூபாயில் நடக்கும், எந்தத் துறைக்கும் கடன்படாத அரங்கு ஒன்றுகூட வாய்க்காலுக்கு மேற்கே இல்லாமல் இருப்பது எங்களுக்கு உறுத்துகிறது.

2014-இல் இடிந்து விழுந்த மேரி கட்டடத்தைக் கோடிகள் செலவிட்டு மீண்டும் எழுப்பி 2021-இல் திறந்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது, முன்னால் நின்று படமெடுக்கிறார்கள். நாம் கேட்பதற்குக் கோடிகள் வேண்டாம். மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிடும் அரசுப் பள்ளிக் கூடங்களில் நகரின் நடுவிலுள்ள ஒன்றே ஒன்றை, நூற்றிருபது நாற்காலியும் கறுப்புத் திரையும் பத்து விளக்கும் போட்டு, குழுக்களுக்குக் குறைந்த வாடகையில் ஒரு வாரம் இரு வாரம் எனத் தொடர்ச்சியாகத் தரலாம். யார் விண்ணப்பித்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்பதைச் சுவரில் ஒட்டினால் போதும். கிழக்குப் பகுதியில் சிற்றரங்கு நடத்தும் நண்பர்களிடம் கேட்பது இன்னும் சிறியது: உங்கள் மாதப் பட்டியலைத் தமிழிலும் அச்சடித்து, பேருந்து நிலையத்திலும் பெரிய மார்க்கெட் வாசலிலும் ஒட்டுங்கள். மொழிபெயர்க்க ஆளில்லை என்றால் நாங்கள் செய்து தருகிறோம், கூலி வேண்டாம். சீட்டுக்கும் காசு கொடுப்போம்.

வரும் நவம்பர் 13 அன்று கருவடிக்குப்பத்தில் வழக்கம்போல் மாலைகள் விழும். அங்கு வரும் அமைச்சர் பெருமக்களிடமும் அகவை முதிர்ந்த நாடகக் கலைஞர்களிடமும், எங்களைப் போன்ற வாசகர்களிடமும், ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப் பாருங்கள்: 'இன்று மாலை நாடகம் எங்கே?'