கூடமும் கோணலாக இருக்கலாம்

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்பது நம் முன்னோர் பழமொழி. வீண் சாக்குச் சொல்வாரை இடித்துரைக்கப் பிறந்த மொழி அது. ஆனால் அதைச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கூடத்தை எட்டிப் பார்த்திருக்கிறார்கள்? உண்மையிலேயே கூடம் கோணலாக இருந்தால், ஆட வந்தவளின் கதி என்ன? நண்பர்களே, இந்தக் கேள்வியை உங்கள்முன் வைக்கவே எழுதுகோல் எடுத்தேன்.

நான் பீர்மேட்டுப் பிள்ளை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். இசைவாணர்க்கு லயம் என்றால் தாளத்தின் ஓட்டம். எங்களுக்கோ, ஒரே கூரையின்கீழ் வரிசையாக நிற்கும் தொழிலாளர் வீடுகளே லயம். அந்த லயத்தில் பிறந்தவனுக்கு இந்த லயத்தின்மேல் ஆசை வந்தது. விடுதிக்கு வந்த புதிதில் உகுலேலே என்னும் நாற்கம்பிக் கருவி ஒன்றை 1,300 ரூபாய்க்கு வாங்கினேன். கொழுந்து பறிக்கும் என் அம்மாவுக்கு அது மூன்று நாட் கூலி.

மூன்று மாதம் முயன்றேன். விரல் வைக்காமல் மீட்டினால் சுருதி சேர்ந்தது. விரலை வைத்தால் அபசுரம் பிறந்தது. அறை நண்பர் மேற்படி பழமொழியைச் சொல்லிச் சிரித்தார். நானும் நம்பிவிட்டேன். ‘நம் பரம்பரையில் இசை பயின்றவர் யார்? நமக்குச் செவி ஞானம் எங்கிருந்து வரும்?’ என்று மனம் சோர்ந்தேன்.

ஓண விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது அப்பாவிடம் கதையைச் சொன்னேன். முப்பது ஆண்டு தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டியவர் அவர். கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வெரல எடுத்தா நல்லா இருக்கு, வச்சா கெட்டுப் போகுதுங்கிற. அப்ப சாமான்லதான்டா கோளாறு. கத்தி மொட்டையா இருந்தா கெளை பொளக்கத்தான் செய்யும். ஆளு என்ன பண்ணுவான்? மொதல்ல கத்தியப் பாரு.”

இசை அறியாத அவர் சொல்லே இசைக்கும் பொருந்திற்று. திரும்பி வந்ததும், வயலின் பயிலும் மூத்த மாணவர் ஒருவரிடம் காட்டினேன். தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் துண்டு அளவுக்கு மேல் உயரம். அழுத்தும்போதெல்லாம் கம்பி இழுபட்டுச் சுரம் ஏறுகிறது. குதிரையும் இடம் தவறி ஒட்டப்பட்டிருந்தது. குற்றம் கையில் இல்லை, கருவியில் இருந்தது!

ஆகவே என் கருத்து இது: நல்ல கருவி வல்லவனைக் காட்டிலும் புதியவனுக்கே தேவை. வல்லவன் கோணற் கருவியின் கோணலை அறிவான். அதற்கேற்ப விரலைத் திருத்துவான். புதியவனுக்குப் பிழை எங்கே பிறக்கிறது என்பதே தெரியாது. பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்வான். அதிலும் ஏழை வீட்டுப் பிள்ளை முதலில் ஐயுறுவது தன்னைத்தான். “கற்கும்வரை மலிவானது போதும்” என்னும் அறிவுரை பணத்தை மிச்சப்படுத்துவதில்லை. பல பேரின் ஆசையைத்தான் அழிக்கிறது.

நல்லது என்றால் விலை மிக்கது என்பதன்று. வாங்குமுன் சில சோதனைகள் போதும். கம்பியை வெறுமனே மீட்டுங்கள். பிறகு பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்க வேண்டும். முதல் மெட்டில் மெல்ல அழுத்தினாலே அரைச் சுரம் தெளிவாக ஏற வேண்டும். விரல் நோக அழுத்த நேர்ந்தால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். கழுத்தின் ஓரத்தில் கையை ஓட்டினால் மெட்டின் முனைகள் கீறக்கூடாது. பிருடை நழுவக்கூடாது. ஆனால் புது நைலான் கம்பி சில நாள் தளர்ந்துகொண்டே இருக்கும். அது கருவியின் குற்றமன்று.

அளவிலும் கருத்து வேண்டும். சோப்ரானோ ஏறத்தாழ 21 அங்குலம், கன்சர்ட் 23, டெனர் 26. பெரிய கைக்குக் கன்சர்ட் வசதி. மரத்தைப் பொறுத்தவரை, முழுப் பலகையால் செய்ததன் நாதமே இனிது என்பர், உண்மைதான். ஆனால் அது ஈரத்தில் உப்பும், வறட்சியில் வெடிக்கும். ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை விடாத பீர்மேட்டிற்கு ஒட்டுப் பலகைக் கருவியே உற்ற துணை. அத்தகைய ஒன்றை நான் பிறகு 5,800 ரூபாய்க்கு வாங்கினேன். பழைய விரல்கள்தாம், புதிய ஒலி எழுந்தது.

“தோட்டத் தொழிலாளி மகனுக்கு அயல்நாட்டு ஆடம்பரம் எதற்கு?” என்று கேட்பாரும் உளர். அவர்கள் இக்கருவியின் பிறப்பை அறியார். 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்கிராக் என்னும் கப்பல் மதெய்ராத் தீவிலிருந்து நானூறுக்கும் மேற்பட்டோரை ஹவாய்க்குக் கொண்டு சேர்த்தது. கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்க வந்த மக்கள் அவர்கள். அவர்களிடையே மானுவேல் நூனஸ், அகுஸ்தோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரித்தோ சாந்தோ என்னும் மூன்று தச்சர்கள் இருந்தனர். தாய்நாட்டுச் சிறு கருவியை மனத்திற் கொண்டு ஹவாயின் கோவா மரத்தில் அவர்கள் இழைத்ததே உகுலேலே. அரசர் கலாகவுவா அதை அரண்மனைக்குள் ஏற்றார். தோட்டக் கூலிகளோடு கடல் கடந்து வந்த கருவியைத் தோட்டத்துப் பிள்ளை ஏந்துவது ஆடம்பரமா? உறவு என்பேன் நான்!

அயல்நாட்டது என்றால் வயலின் எந்த நாட்டது? பாலுசாமி தீட்சிதரும் (1786–1858) தஞ்சை வடிவேலுவும் அதைக் கையில் எடுத்தனர். இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது. உகுலேலேயில் கமகம் எளிதில் வாராது என்பதை ஒப்புகிறேன். வீணைக்கு அது மாற்றன்று. பாடுவோர்க்குத் துணையாகும்; அது போதும்.

ஆனாலும் 5,800 ரூபாய் என்பது எங்கள் மலையில் இரண்டு வாரக் கூலி. எல்லாரும் வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். ஆண்டு விழாச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, சோதித்துப் பார்த்த நல்ல கருவிகள் இரண்டு மூன்று வாங்கி வையுங்கள். நூலகத்து நூல் போல மாதத்திற்கு ஒருவராக எடுத்துச் செல்லட்டும். தனக்கு இசை வருமா, வராதா என்பதை நேர்மையான கருவியில் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ளட்டும். அதன்பின்னும் வராவிட்டால் அந்தப் பழமொழியைத் தாராளமாகச் சொல்லுங்கள்.

முதலில் கூடத்தை நேராக்குவோம். ஆட்டத்தைப் பிறகு பார்ப்போம்.