காலையில் சேப்பல், மதியம் ஃப்ராய்ட்

சைக்காலஜி படிக்கிறேன்னு யார்கிட்டயாவது சொல்லிப் பாருங்க. கல்யாண வீடோ, பஸ் ஸ்டாப்போ, அடுத்த கேள்வி ரெடி: "அப்ப நான் என்ன நினைக்கிறேன்னு சொல்லு பார்ப்போம்!" 'பதில் தெரியாம இவ முழிக்கிறாளேன்னு நினைக்கிறீங்க'ன்னு சொல்லியே மூணு வருஷம் தப்பிச்சேன்.

உண்மையில், முதல் வருஷம் யார் மனசையும் படிக்க விட மாட்டாங்க ஃப்ரெண்ட்ஸ். கணக்குக்குப் பயந்து ஆர்ட்ஸ் பக்கம் ஓடி வந்தவங்களை, ஸ்டாண்டர்டு டீவியேஷன் வாசல்லயே நின்னு வரவேற்கும்.

நான் படிச்சது சென்னையில ஒரு கிறிஸ்தவக் காலேஜ். காலையில சேப்பல்ல பாட்டு, ஜெபம், சாப்ளின் ஐயாவோட குட்டிப் பிரசங்கம் (சார்லி இல்லீங்க, காலேஜ் போதகர்!). மதியம் வகுப்புல, மதம் ஒரு மாயைன்னு 1927-ல் புத்தகமே போட்ட ஃப்ராய்ட். ரெண்டும் எப்படி ஒரே காம்பவுண்டுக்குள்ளன்னு வீட்டுல கேட்டாங்க. எங்க மேடம்கிட்ட அதையே கேட்டேன். சிரிச்சாங்க. 1879-ல் லைப்சிக்ல சைக்காலஜிக்குன்னு முதல் லேப் தொடங்கின வுண்ட், ஒரு போதகரோட பிள்ளை. யுங்கோட அப்பாவும் போதகர்தான். கவுன்சலிங்னாலே பேர் அடிபடுற கார்ல் ரோஜர்ஸ், நியூயார்க்ல இறையியல் படிச்சிட்டு இருந்தவர், ரெண்டு வருஷத்துல இந்தப் பக்கம் தாவிட்டார். ஆக, எவ்வளவு சண்டை போட்டாலும் ரெண்டும் ஒரே வீட்டுக்காரங்க!

லேப் இன்னும் தமாஷ். எபிங்ஹாஸ்னு ஒருத்தர், அர்த்தமே இல்லாத எழுத்துக் கோர்வைகளைத் தானே மனப்பாடம் பண்ணி, எவ்வளவு வேகமா மறக்குதுன்னு அளந்து 1885-ல் எழுதினார். அதே சோதனையை நாங்களும் செய்யணும். அவருக்கு அவரே சப்ஜெக்ட். நமக்கு ஆள் பிடிக்கணுமே? ஹாஸ்டல்ல மாட்டினது என் ரூம்மேட், பி.காம். பொண்ணு. ரெண்டு தடவை செஞ்சும் அவளுக்கு ஒண்ணும் நினைவில் நிக்கலை. அலுப்போட ரெக்கார்டை எழுதி முடிச்சேன்.

அப்புறம் அப்நார்மல் சைக்காலஜி பேப்பர் வந்துச்சு. ஒவ்வொரு பாடம் முடிஞ்சதும் அந்த வியாதி எங்க எல்லாருக்கும் இருந்தது. வகுப்புல ஒருத்தரையும் விட்டு வைக்காம டயக்னோஸ் பண்ணின நான், பக்கத்துக் கட்டில்ல சாப்பிடாம, தூங்காம கிடந்தவளைக் கவனிக்கலை. கவனிச்சப்பவும் என்ன செஞ்சேன் தெரியுமா? நானே கவுன்சலர் ஆயிட்டேன். அவ வீட்டுல உபவாச ஜெபம் போதும்னாங்க. நான் ரோஜர்ஸ் மாதிரி தலையாட்டிக் கேட்டேன். மூணு வாரம் வீணாப் போச்சு.

ஒரு ராத்திரி, "நாளைக்கு எழுந்திரிக்காமலே போயிட்டா நல்லாயிருக்கும்"னா.

விடிஞ்சதும் சாப்ளின் ஐயாகிட்ட ஓடினேன். ஜெபம் பண்ணச் சொல்வார்னு நினைச்சேன். பண்ணினார், ஒரே நிமிஷம். உடனே வார்டனைக் கூப்பிட்டு, "முதல்ல டாக்டரைப் பார்க்கணும்மா, நானும் வர்றேன்"னார்.

"கீழ்ப்பாக்கமா?"ன்னு அவ அழுதா. அந்தப் பேரை வெச்சு நாம எத்தனை ஜோக் அடிச்சிருக்கோம்! 1794-ல் ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி அது. அதுக்குத் தலைமை ஏற்ற டாக்டர் சாரதா மேனன், சென்னை விமன்ஸ் கிறிஸ்டியன் காலேஜ்ல படிச்சவங்க. 1984-ல் 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கினவங்களும் அவங்கதான். இதெல்லாம் அன்னைக்கு எனக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்.

மாத்திரை, கவுன்சலிங்னு சில மாசம் ஆச்சு. பரீட்சை எழுதினா.

உங்க ரூம்மேட் இப்படி ஒரு வார்த்தை சொன்னா, ரகசியம் காப்பாத்துறேன்னு சத்தியம் பண்ணிடாதீங்க. அவங்களைத் தனியா விடாம, அன்னைக்கே பெரியவங்க ஒருத்தர்கிட்ட சொல்லுங்க. 'டெலி மானஸ்' 14416 இருக்கு, 24 மணி நேரமும், காசில்லாம. நீங்க சைக்காலஜி மாணவரா இருந்தாலும் இதேதான். டிகிரி கையில வந்தாக்கூட கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போர்டு மாட்ட முடியாது. அதுக்குத் தனிப் படிப்பு, தனிப் பதிவு உண்டு.

போன மாசம் பரணை சுத்தம் பண்றப்ப அந்த லேப் ரெக்கார்டு கிடைச்சது. எபிங்ஹாஸ் சோதனைப் பக்கத்தில், முடிவுகளுக்குக் கீழே, என் அழகான கையெழுத்துல ஒரு வரி: 'சப்ஜெக்ட் அக்கறை காட்டவில்லை.' ஓரத்துல மேடத்தோட சிவப்பு டிக். பத்துக்கு ஒன்பது.