ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கும் ஒரு நாற்காலி

ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்னிங்டன் நூலகம் 1875-இல் தொடங்கியபோது ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அன்றைய ஆட்சியரின் பெயரே நூலகத்துக்கு வாய்த்தது. 1910-இல் ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தோடு சேர்ந்தது, 1985-இல் விருதுநகர் மாவட்டத்தோடு. மாவட்டம் இருமுறை மாறியும் நூலகம் அந்த ஊருடையதாகவே இருக்கிறது.

பக்கத்து ஊரான ராஜபாளையத்துக்கும் நூலக வரலாற்றில் ஒரு பெருமை உண்டு. பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னையில் முதலமைச்சர். 1948-இல் நிறைவேறிய பொது நூலகச் சட்டம் நடைமுறைக்கு வந்தது அவர் காலத்தில்தான். அதே மனிதர் ராஜபாளையத்தில் இருந்த தம் வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார்.

அந்தச் சட்டத்தின் உயிர் நூலக வரியில் இருக்கிறது. இன்று சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. ஓட்டு வீடோ மாடி வீடோ, வரி கட்டுகிற எல்லாரும் நூலகத்துக்கும் சேர்த்தே கட்டுகிறார்கள். வசூலான பணத்தை உள்ளாட்சிகள் நூலக ஆணைக்குழுவிடம் உரிய நேரத்தில் ஒப்படைப்பதில்லை என்பது தமிழகம் முழுக்கக் கேட்கும் பழைய குறை. அது தீர வேண்டும். ஆனால் பணம் வந்துவிட்டால் மட்டும் போதாது. கட்டியவர் உள்ளே வந்து உட்கார முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். அடுத்திருக்கும் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். இங்கே பலருடைய நாள் ஷிப்டில் ஓடுகிறது. பகல் ஷிப்ட் முடித்து, வீட்டு வேலையும் முடித்து நிமிரும் பெண்ணுக்கு நூலகம் பெரும்பாலும் பூட்டிய கதவுதான். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குக் காலையிலிருந்தே இடம் வேண்டும். அவர்கள் நாற்காலியை நிறைப்பது நல்ல காட்சி. அதோடு இரவு ஒன்பதரை வரை விளக்கு எரியட்டும். வாரம் இரண்டு நாள் என்றாவது தொடங்கலாம்.

வர முடியாதவரிடம் புத்தகம் போக வேண்டும். 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில், நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் காலத்திலேயே, மாட்டு வண்டியில் புத்தகம் ஊர் ஊராகப் போயிருக்கிறது. இப்போது தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கும் நூலக நண்பர்கள் திட்டம் இருக்கிறது. அது தறி ஓடும் தெருக்களுக்குள் நுழைய வேண்டும்.

இன்னொன்று இவ்வட்டார எழுத்து. கிருஷ்ணதேவராயர் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளைப் பாடிய தெலுங்குக் காவியம் ஆமுக்தமால்யதா. அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் ராஜபாளையத்து மு.கு. ஜகந்நாத ராஜா. இரண்டு ஊரும் இரண்டு மொழியும் இப்படிக் கைகோத்த நூல் அரிது. அதே ராஜபாளையத்தில் கொ.மா. கோதண்டம் குழந்தைகளுக்காகக் காட்டைப் பற்றி எழுதி, 2012-இல் சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய விருது பெற்றார். இவர்களுடைய நூல்கள் பொது அலமாரியில் எங்கோ செருகிக் கிடக்கக் கூடாது. நுழைந்ததும் கண்ணில் படும்படி இரண்டு ஊர் நூலகங்களிலும் வட்டார எழுத்துக்கென்று தனி அலமாரி வேண்டும். உள்ளூர்ச் சிற்றிதழ்கள், கோயில் விழா மலர்கள், ஆலைத் தொழிலாளர் துண்டறிக்கைகள், பள்ளி ஆண்டு மலர்கள் எல்லாம் அதில் சேரட்டும். வாசகர் ஒருவர் காலமானதும் வீட்டார் அவருடைய சேகரிப்பைப் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. அதற்கு முன் நூலகத்திலிருந்து ஒருவர் அந்த வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும்.

பொடியத் தொடங்கிய நூல்களை ஸ்கேன் செய்து தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் சேர்ப்பது அடுத்த வேலை. முதலில் பென்னிங்டனின் பழைய நூல்களுக்கு ஒரு முழுமையான பட்டியல். நூலகர் ஒருவர், விடுமுறையில் வரும் கல்லூரி மாணவர்கள் நாலைந்து பேர், ஒரு கணினி. வருகிற கோடை விடுமுறையில் இதைத் தொடங்கிவிடலாம்.