கல்மரமும் வெறுங்கல்லறையும்

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று கிடக்கிறது. 1940-இல் புவியியலறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் அதனை உலகறியச் செய்தார். பல கோடி ஆண்டுகளுக்கு முன், இப்பகுதியைக் கடல் மூடியிருந்த காலத்தில், மண்ணுள் புதையுண்டு இழை இழையாகக் கல்லானது அது. வடிவம் மாறவில்லை; ஆனால் தளிர்ப்பதுமில்லை. அழியாதிருத்தல் வேறு, உயிர்த்தெழுதல் வேறு.

கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கோர் இடம் ஒதுக்குவதை "முன்னோர் மரபு" என்று காப்போரே, நீங்கள் காப்பது இத்தகைய கல்மரத்தையே! திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவரைப் பிரித்தெழுந்த சுவரை நாடறியும். தலித் மக்களின் மேம்பாட்டிற்கென இந்திய ஆயர் பேரவை 2016-இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. ஏட்டில் ஏறியது இதயத்தில் இறங்கியதா?

பாஸ்கா திருவிழிப்பில் எரியும் திரி ஏந்தி நம்பிக்கையை அறிக்கையிடுகிறோம். இறுதிநாளின் எக்காளம் சுவருக்கு இப்புறம் ஒருமுறை, அப்புறம் ஒருமுறை என்றா முழங்கும்?

அரிமத்தியா யோசேப்பு தமக்கென வெட்டிய கல்லறையை ஆண்டவருக்கு அளித்தார். பிறர் கல்லறையில் துயின்றவரைத் தொழும் நாம், உடன்பிறந்தோருக்கு அருகில் ஆறடி நிலம் மறுப்பது எந்த நியாயம்? கிறிஸ்து உயிர்த்தெழவில்லையெனில் நம் நம்பிக்கை வீண் என்கிறார் பவுல். அவர் உயிர்த்தெழுந்தது மெய்யெனில், இச்சுவர்களே வீண்.

அன்று கல்லைப் புரட்ட வானதூதர் இறங்கிவந்தார். இந்தக் கற்களைப் புரட்ட அவர் வரமாட்டார். கட்டிய கைகளே அகற்றட்டும். அன்று தளிர்க்கும் நம் திருச்சபை.